முதல் நோட்டில் இரண்டு

கால் பெருவிரல் இன்னும் மடங்கவில்லை. போன வாரம் கரண்டை ஆறில் வைத்ததுமே மடங்கியது, இன்றைக்கு ஏழுக்கு வந்தும் சும்மா கிடக்கிறது. பெட்டியில் ஓடுகிற எண்ணை அவள் என் பக்கம் திருப்பி வைக்கவே மாட்டாள், நான்தான் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். "இப்பத் தெரியுதாங்கய்யா?" என்கிறாள் ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி வைக்கிற தஸ்லீமா. தெரியவில்லை என்றால் கூட்டுவாள், தெரிகிறது என்றால் நிறுத்திவிடுவாள். நோயாளியையே கேட்டு மருந்தை அளக்கிற வைத்தியத்தை இங்கேதான் பார்க்கிறேன். எட்டு. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி என்னவோ, அப்புறம் பெருவிரல் என்னைக் கேட்காமல் தானாக உள்ளே மடங்கியது. "ஆங், வந்துருச்சு" என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். இனி அரை மணி நேரம் இப்படியே சாய்ந்து கிடக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி முடி மாதிரி ஓர் ஊசி, பாதத்தில் ஒட்டிய ஒரு பட்டை, இரண்டிலிருந்தும் ஒயர், ஒயரின் முனையில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. இவ்வளவுதான் வைத்தியம். பவுத்திரத்துக்கு ஆபரேஷன் செய்ததிலிருந்து எனக்கு வெளிக்கி அடக்க முடியவில்லை, வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடுகிறது. கோளாறு எங்கே, இவள் குத்துகிற இடம் எங்கே? முதல் நாளே கேட்டேன், "ஏனுங் அம்மிணி, எனக்கு அங்க நிக்க மாட்டீங்குது, நீங்க காலப் புடிச்சா எப்படிங்க?" என்று. கால் நரம்பும் அங்கே அடக்கிப் பிடிக்கிற நரம்பும் முதுகுத்தண்டில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகிறதாம். "இங்க தட்டினா அங்க கேக்கும்யா" என்றாள். வாரம் ஒரு தடவை, பன்னிரண்டு வாரம் தட்ட வேண்டும். இன்றைக்குப் பன்னிரண்டாவது.

கேட்டதா இல்லையா என்பதுதான் இப்போது வழக்கு. நான் உள்ளே வந்ததும் தஸ்லீமா இரண்டு நோட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டுகள்தான். தேதிக்கு ஒரு கட்டம், எத்தனை தடவை போனது என்பதற்கு ஒரு கட்டம், எத்தனை தடவை அடக்க முடியாமல் துணியில் ஆனது என்பதற்கு ஒரு கட்டம். ஊசி ஆரம்பிப்பதற்கு முந்தின இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு, கடைசி இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு. "முதல் நோட்டுல ரெண்டு தடவைன்னு போட்டிருக்கீங்க. இதுலயும் ரெண்டு. அப்ப ஒண்ணுமே மாறலியேய்யா" என்றாள். குரலில் வருத்தம் இருந்த மாதிரி இருந்தது, அது எனக்காகவா அவளுடைய பெட்டிக்காகவா என்று தெரியவில்லை. பாதியாவது குறைந்திருந்தால் மாதம் ஒரு ஊசி என்று தொடரலாமாம். இல்லாவிட்டால் இதோடு நிறுத்திவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைக்கிற ஆபரேஷனைப் பற்றிப் பேசுவாராம் டாக்டர். அவர் ரவுண்ட்ஸ் முடித்து வருவதற்கும் என் அரை மணி முடிவதற்கும் சரியாக இருக்குமாம். பை. வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போவது? வேட்டிக்கு மேலே கட்டுவதா, உள்ளேயா? குனிந்தால் என்ன ஆகும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைச் சுளித்தால் அதற்குத்தானா, வேறு எதற்காவதா என்று சாகிறவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நினைக்கும்போதே வயிறு பிசைகிறது, இந்த நேரத்தில் பிசையக்கூடாது. பிசைந்தது நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் நின்றிருக்காது.

அதுதான் தொல்லை. குறைந்திருக்கிறது. இந்தப் பெட்டியில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. வெளியே காத்திருக்கிற இடத்தில் ஒரு பல்லடத்துக்காரர் சொன்னார், எங்கேயோ ஆராய்ச்சி என்று சொல்லிப் பாதிப் பேருக்கு ஊசியை மட்டும் குத்திவிட்டுக் கரண்டே விடவில்லையாம். கரண்ட் இல்லாமல் விரல் எப்படி மடங்கும் என்று அவரையே கேட்டேன். ஆனாலும் சந்தேகம் வந்தது வந்ததுதான். ஒருவேளை காப்பியை விட்டதால் குறைந்திருக்கலாம். வெயில் தணிந்ததால் இருக்கலாம். ஆனால் குறைந்திருக்கிறது, இன்று காலை ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், வழியில் எந்த ஸ்டாப்பில் கக்கூஸ் இருக்கிறது என்று ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது நோட்டில் உள்ள இரண்டு சத்தியமான இரண்டு. முதல் நோட்டில் உள்ள இரண்டு பொய். அது பதிமூன்று. ஆடி மாதத்தில் அந்தப் பதினாலு நாளில் பதிமூன்று தடவை என் வேட்டி கெட்டது. நான் இரண்டு என்று எழுதினேன். எழுதி எழுதியே அதை நம்பியும் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது, இன்றைக்கு இவள் நோட்டைப் பிரிக்கிறவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

இத்தனைக்கும் நான் சந்தேகப்பட்டே சோறு தின்றவன். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் முப்பத்தோரு வருஷமாக டெஸ்டர். விடிந்தும் விடியாததுமாகத் தூக்குப்போசியும் கேனுமாக வரிசை நிற்கும், நான் ஒவ்வொன்றிலும் பால்மானியை விட்டு டிகிரி பார்ப்பேன். தண்ணீர் கலந்த பாலில் மானி தாழ்ந்துவிடும். ஊரில் எவன் முகத்தைப் பார்த்தும் நான் பேசியதில்லை, போசியைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். நாச்சிமுத்து கண்ணுக்கு எல்லாமே கலப்படம்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ரெஜிஸ்டரில் ஓர் எண்ணை எழுதினால் எழுதியதுதான். பின்னால் வந்து 'அது அப்படியில்லீங்க, இப்படித்தானுங்க' என்கிறவனை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. நல்ல எண் வேண்டுமென்கிறபோது வந்து பழைய எண்ணை மாற்றச் சொல்கிறவன் திருடன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மயிலாத்தாளைத் திருப்பி அனுப்பினேனே, அதுவும் இந்தக் கோடையில்தான். இருபத்தி நாலு டிகிரி காட்டியது. தண்ணி என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "சத்தியமா ஒரு சொட்டு ஊத்துலீங்ணா, நெசமாலுமே ஊத்துலீங்ணா" என்று போசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மானி பொய் சொல்லாது போ என்றேன். அவள் போனாள். மறுநாளிலிருந்து அவள் பால் டீக்கடைக்குப் போகிறது. மானி பொய் சொல்லாது, அது சரிதான், அதில் ஒன்றும் தப்பில்லை.

"கால ஆட்டாதீங்கய்யா" என்கிறாள். ஆட்டினேனா? பத்து நிமிஷம் போயிருக்கிறது. என்ன யோசிக்கிறீங்க என்று கேட்டாள், ஒண்ணுமில்லீங் அம்மிணி என்றேன். இவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பெண். ஆடியில் நோட்டைக் கையில் கொடுத்தவள் இவள்தான். இவள் கையில் திரும்பக் கொடுக்கப்போகிற நோட்டில், திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு என்று நான் எப்படி எழுதுவேன்? அதை இவள் படிப்பாள், டாக்டரிடம் படித்துக் காட்டுவாள், பக்கத்து மேஜைக்காரியிடம் சிரிப்பாள் என்றெல்லாம் தோன்றியது. ஒன்றுமே இல்லை என்று எழுதினால் அப்புறம் எதற்கு வந்தாய் என்பார்கள். அதனால் பார்த்துப் பார்த்து இரண்டு. கௌரவமாக இருக்கட்டும் என்று வாரத்துக்கு ஒன்று. ஊரில் பாலில் தண்ணீர் ஊற்றுகிறவனும் இப்படித்தான் ஊற்றுவான், பிடிபடாத அளவுக்கு. வெட்கமாக இருக்கிறது. துணியில் ஆனபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

சம்பூரணத்துக்கும் தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், வாரா வாரம் கூடவே வருகிறாள், எதற்கு வருகிறாள் என்று எனக்குச் சந்தேகம்தான். பெண்டாட்டியாக வந்து முப்பது வருஷமாகிறது, எனக்கு இப்படி என்று மொத்தமாகத் தெரியும், எத்தனை என்று தெரியவிடவில்லை. கெட்ட வேட்டியைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் செருகிவிடுவேன். அவள் புல் அறுக்கக் காட்டுக்குப் போனதும் தொட்டியடியில் அலசி, கொட்டகைக்குள்ளேயே காயப்போட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எடுத்து மடித்து வைப்பேன். அவள் ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத பொம்பளையை நம்பவே கூடாது. அவளுக்கு வேறு ஏதோ கணக்கு ஓடுகிறது. சமையல்கட்டுக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலில் பொடிப் பொடியாகப் புள்ளி வைக்கிறாள். போன மாதம் கேஸ் சிலிண்டர் என்றைக்கு வந்தது என்று பார்க்கத் தாளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. ஆடியில் சின்னம்மை போட்ட மாதிரி ஒரே புள்ளி. கோபியில் இருக்கிற தன் தங்கச்சிக்குப் போன் போடுகிற நாளாக இருக்கும், என் கதையை ஒப்பிக்கிற நாள். அவள் அண்ணன் வீட்டிலும் அப்படித்தான் செய்தாள். ஆடி வெள்ளிக்கு விருந்து என்று கூப்பிட்டிருந்தார்கள், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன். நான் எழுந்ததுதான் தாமதம், அந்த நாற்காலியில் போய் இவள் உட்கார்ந்துகொண்டாள். வா போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறாள். "நீங்க முன்னால போங்க, நான் சித்த நேரம் அண்ணிகூடப் பேசிட்டு வர்றன்" என்று ஒட்டவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அண்ணியிடம் அப்படி என்ன பேச்சு? நான் போன பிறகு பேசுவதற்கு என்னைத் தவிர வேறு என்ன இருக்கிறது? வழி நெடுக அதையே மென்றுகொண்டு போனேன்.

பெருவிரல் ஒரு தடவை மடங்கி விரிந்தது. இருபது நிமிஷம். பேசாமல் இருந்துவிடலாம். டாக்டர் வருவார், இரண்டுக்கு இரண்டு என்று பார்ப்பார், நிறுத்துவார், பை. சொல்லிவிடலாம். சொன்னால் என்ன? அம்மிணி, முதல் நோட்டு பொய், அது பதிமூணு. இவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பார்வையை முப்பத்தோரு வருஷம் நான் பார்த்திருக்கிறேன். ஊசி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் கிழவன் பழைய எண்ணை மாற்றுகிறான் என்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். மயிலாத்தாளிடம் சொன்னேனே. சரி, அதையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம், என்னிடமே. மயிலாத்தா வீட்டுச் சுவரும் சொசைட்டிச் சுவரும் ஒன்று. கறந்த சூட்டோடு கொண்டுவருவாள். சூடு ஆறாத பாலில் மானி தாழ்ந்துதான் நிற்கும், அதற்குச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓரமாக ஆறவைத்து அப்புறம் பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக அவள் போசியை ஓரத்தில் வைக்கச் சொல்லி நாலு பேருக்குப் பிறகுதான் பார்ப்பேன். அன்றைக்கு எனக்கு நேரமில்லை. வயிறு முறுக்கிக்கொண்டு வந்துவிட்டது, வரிசையை எப்படியாவது கலைத்துவிட்டு ஓட வேண்டும். சூட்டோடு மானியை விட்டேன், இருபத்தி நாலைப் பார்த்தேன், தண்ணி என்று கத்தினேன், அந்தச் சண்டையின் மறைவில் பின்பக்கம் ஓடினேன். ஓடியும் பலனில்லை. அவள் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது கழிப்பறைக்குள் நின்று வேட்டியைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் வெளியே வந்து ரெஜிஸ்டரில் எழுதினேன்.

அவளுக்குச் சாட்சி இல்லாமல் போயிற்று. எனக்கும் இல்லை. வேட்டிக்கு வாய் இருந்தால் சொல்லும். பருத்திக்கொட்டை மூட்டை சொல்லும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு ஊரே ஆற்றுக்குப் போனது, நான் தலைவலி என்று வீட்டில் கிடந்தேன், அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை. காலண்டரில் பதினெட்டாம் பெருக்குக்குக் கீழேயும் இரண்டு புள்ளி இருந்தது. தங்கச்சிக்கு ஒரே நாளில் இரண்டு தடவை போன் போட்டாளா? அதற்கு முந்தின வெள்ளி ஒன்று, இல்லை, வெள்ளிக்கும் இரண்டு. அதற்கு அடுத்த புதனுக்கு இரண்டு. புதன் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கொட்டகையில் கொடி போதவில்லை. இரு. இந்த மாதத் தாளில் ஆயுத பூஜைக்குப் பிறகு இரண்டே இரண்டு புள்ளிதான், தங்கச்சியோடு மனஸ்தாபம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். இரண்டு. ஆடியில் அந்தப் பதினாலு நாளுக்கு எத்தனை? எண்ணினேன், எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி எனக்கு. பதினைந்து. பதிமூன்று இல்லை, பதினைந்து. பார், இடிக்கிறது. இரண்டு அதிகம். வெள்ளிக்கிழமை விருந்திலிருந்து திரும்பி வந்த வழியில் ஆன ஒன்றுதான் எனக்கு, இன்னொன்று எங்கிருந்து வந்தது? அப்படியானால் அந்தப் புள்ளி இதுவாக இருக்காது, வேறு ஏதோ. ஆனால் மற்றதெல்லாம் பொருந்துகிறதே. புல் அறுக்கப் போகிறேன் என்று போனவள் உண்மையிலேயே புல் அறுக்கத்தான் போனாளா, இல்லை நான் துவைத்து முடிக்கட்டும் என்று காட்டில் உட்கார்ந்திருந்தாளா? சில நாள் பாதிக் கட்டுப் புல்லோடு வருவாளே. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

பெட்டி கீச்சென்று கத்தி நின்றது. தஸ்லீமா ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். நான் சொன்னேன். "அம்மிணி, முதல் நோட்டு தப்புங்க. ரெண்டு இல்லீங்க அது, பதிமூணு." அவள் பஞ்சை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். அதே பார்வைதான், நான் நினைத்த மாதிரியே. "ஐயா, கடைசி நாள்ல வந்து மாத்தச் சொன்னா டாக்டர் எப்படி நம்புவாங்க? பை வேணாம்னு பயந்துதான சொல்றீங்க?" என்றாள். சத்தியமாங்க அம்மிணி, நெசமாலுமே பதிமூணுங்க என்கிறேன், மயிலாத்தா குரல் என் வாயிலிருந்து வருகிறது, அதே இழுவை, அதே 'நெசமாலுமே'. எனக்கு வேறு வழி தெரியவில்லை. "வெளிய எம்பொண்டாட்டி இருக்கறா, அவளக் கூப்புட்டுக் கேளுங்க" என்றேன்.

சம்பூரணம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தஸ்லீமா நோட்டை அவள் பக்கம் திருப்பினாள். "அம்மா, ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னால ரெண்டு வாரத்துல ஐயாவுக்கு எத்தன தடவ துணியில ஆச்சு?" சம்பூரணம் நோட்டைப் பார்த்தாள், என் எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணிமைக்கவில்லை. "ரெண்டுதானுங்க அம்மிணி. ரெண்டே தடவைதான். அவரு எழுதுனதுதானுங்க சரி" என்றாள். எத்தனை சுத்தமாகப் பொய் சொல்கிறாள்! என் மானத்துக்காகப் பொய் சொல்கிறாள், அந்தப் பொய் என்னை ஆபரேஷன் மேஜையில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. தஸ்லீமா என்னைப் பார்த்தாள், பார்த்தீங்களா என்கிற மாதிரி. "சம்பூரணம், நெசத்தச் சொல்லு. காலண்டர்ல வெச்சிருக்கறயே, அதச் சொல்லு" என்றேன். அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்துட்டீங்களா என்று கேட்கவில்லை.

"பதினஞ்சுங்க" என்றாள்.

"ஐயா பதிமூணுங்கறாங்களே?" என்று கேட்டாள் தஸ்லீமா. சம்பூரணம் என் பக்கமே திரும்பவில்லை, அவளுக்குத்தான் பதில் சொன்னாள். "ரெண்டு தடவ அவருக்கே தெரியாதுங்க அம்மிணி. பெருக்குக்கு மறுநாள் ஒருக்கா, தூக்கத்துல, கட்டலுத் துணியில. இன்னொருக்கா எங்கண்ணனூட்டுல, விருந்துக்குப் போனப்ப. சேர்ல ஆயிருச்சு. அவரு எந்திரிச்சதும் நான் போயி அதுமேல உக்காந்துக்கிட்டனுங்க. எல்லாரும் அக்கட்ட போனதுக்கப்பறம் என்ற சீலைல தொடச்சுட்டு வந்தன்."

வழி நெடுக மென்றுகொண்டு போனேனே, அண்ணியிடம் என்ன பேச்சு என்று. அழுகை வந்தது, அழுதேன், அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே அழுதேன். தஸ்லீமா முதல் நோட்டில் என்னுடைய இரண்டை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினைந்து என்று எழுதினாள். டாக்டரிடம் நானே சொல்கிறேன், அவர் கேட்டால் அந்தக் காலண்டரைக் கொண்டுவாருங்கள் என்றாள். பிறகு அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். சம்பூரணத்திடம் கொடுத்தேன்.